அடுத்த பிள்ளைக்கு வைத்திருந்த பெயர்

தண்ணியும் வார்த்தையும் ஒண்ணா விழணும் என்று எங்கள் ஊர்க் கோயில் உபதேசியார் போனில் சொன்னார். ஊற்றிவிட்டு அப்புறம் சொன்னால் ஆகாது, சொல்லி முடித்துவிட்டு ஊற்றினாலும் ஆகாது, பிள்ளையின் பெயரை முதலில் சொல்லி, வாய்விட்டுச் சொல்லவேண்டும், மனசுக்குள் சொல்வது சேராது. மனசுக்குள் என்றால் நான் எவ்வளவோ சொல்லிவிடுவேன். காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்தக் குழந்தை வார்டுக்கு வெளியே தரையில், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பால் ஊறி ரவிக்கை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்துகொண்டிருக்க, பிதா சுதன் பரிசுத்த ஆவி என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாமாம், பெற்றவளே கொடுக்கலாமாம். எங்கள் பங்குச்சாமி தியானத்துக்கு வெளியூர் போயிருக்கிறார். மாமி இந்த ஊர்க் கோயிலுக்கும் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், சாமியார் ஒரு அடக்கத்துக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்று கேட்டில் இருந்தவன் சொன்னானாம். வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். பெற்றவளை மட்டும்தான் விடுவார்கள், அதுவும் பாலுக்குக் கூப்பிடும்போது மட்டும். அதனால் நான்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கச் சொன்னால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள், ஞானோபதேச வகுப்பில் இதே உபதேசியார் பிரம்பால் காலில் தட்டி, "சத்தமா சொல்லு புள்ள, கடவுளுக்குக் காது தூரம்" என்று எல்லாரையும் சிரிக்கவைத்தாரே, அவள். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை. காது தூரம் என்றால் எவ்வளவு தூரம் என்றுதான் யோசித்தேன், இன்றைக்கும் அதைத்தான் யோசிக்கிறேன், போனில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஊற்றிவிட்டால் சம்மதித்த மாதிரி. அதுதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது, வெட்கம் மட்டும் இல்லை. வெட்கத்தைத் தள்ளிவிடலாம், பிள்ளைக்காகத் தள்ளாதவள் உண்டா. ஆனால் ஆபத்து ஞானஸ்நானம் என்று கொடுத்துவிட்டால் ஆபத்து என்று நானே சொன்ன மாதிரி. எடுத்துக்கோ சேசுவே, துடைத்து வைத்துவிட்டேன், வந்து எடுத்துக்கோ. ஊற்றாமல் இருந்தால் கடவுள் கொஞ்சம் பொறுப்பாரோ, பெயர் இல்லாத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று நிற்பாரோ. இப்படி நினைப்பது பாவமா என்று தெரியவில்லை. டாக்டரம்மா காலையில் என்னை மட்டும் கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொன்னார், நல்ல மனுஷி. "நெஞ்சில ரத்தம் கசியுதும்மா. ஏழு மாசத்துல பிறந்த பிள்ளைக்கு நுரையீரல் தாங்குறது கஷ்டம். நாங்க செய்யவேண்டியதைச் செய்றோம். நீ பக்கத்துல இரு." பக்கத்தில் இரு. எந்தப் பக்கத்தில். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், இதையும் பக்கம் என்று சொல்லலாம்தான். அவனைப் படுக்கவைத்திருப்பது கண்ணாடிப் பெட்டி. நேற்று முதல்முறை உள்ளே போனபோது அதைப் பார்த்ததும் கதவோரமே நின்றுவிட்டேன், என் மாமனாரைப் போன வருஷம் கண்ணாடிப் பெட்டியில்தான் வைத்திருந்தார்கள், மேலே மாலை, உள்ளே குளிர். வார்டில் இருந்த நர்ஸ் சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது சூட்டுப் பெட்டிம்மா, கையை விட்டுப் பாரு" என்றார். விட்டுப் பார்த்தேன். சூடுதான். கோழி அடைகாக்கிற சூடு. ஆனாலும் வெளியே வந்த பிறகு என் புத்தி அதைக் குளிர்ப் பெட்டியாகவே மாற்றி மாற்றி வைக்கிறது.

பெயர் வேறு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மூத்த ஆண்பிள்ளைக்கு அப்பாவுடைய அப்பா பெயர். கேட்கவேண்டியதே இல்லை, வயிற்றில் இருக்கும்போதே அந்தப் பெயர்தான். என் மாமனார் பெயர் சந்தியாகு. அவர் போன பிறகு சொந்தக்காரர்கள் எல்லாரும் என் வயிற்றைப் பார்த்து, "சந்தியாகு திரும்பி வாரான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், என் வீட்டுக்காரர் கூட. அவர் ஆழ்கடல் போட்டில் போயிருக்கிறார், பிள்ளை பிறந்ததே இன்னும் தெரியாது, கரைக்கு வந்தால்தான் போன் எடுக்கும். காலையில் டாக்டரம்மா சொன்னதை மாமியிடம் சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் மடியில் கிடந்த செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள். "சூசைன்னு சொல்லி ஊத்திரு மெட்டில்டா. சூசையப்பர் நல்ல மரணத்துக்குப் பாதுகாவல். அவிய பேரு கெடக்கட்டும். அடுத்ததுக்கு வைப்போம்." சாதாரணமாகத்தான் சொன்னார்கள், பண்டிகைச் சேலையைப் பெட்டியில் எடுத்து வைக்கச் சொல்வது மாதிரி. தப்பில்லை. ஒரு பெயரை ஒரு பிள்ளைக்குக் கொடுத்து அது போய்விட்டால், அந்தப் பெயரை இன்னொன்றுக்கு வைக்கமாட்டார்கள், ராசி இல்லை என்பார்கள், அப்புறம் மாமனார் பெயர் சொல்ல வீட்டில் ஆளே இருக்காது. மாமி அதைத்தான் யோசித்திருக்கிறார்கள். புருஷன் பெயர் மேல் அவர்களுக்கு உரிமை இல்லையா. நான் சரி என்று தலையை ஆட்டினேன். நான் எதற்குத்தான் ஆட்டவில்லை. ஆட்டிய பிறகுதான் அந்த அடுத்தது என்கிற வார்த்தை உள்ளே இறங்கியது. அடுத்தது. இவன் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான், இவனுக்குப் பக்கத்திலேயே அடுத்தது வந்து வரிசையில் நிற்கிறது, முகம் இல்லாமல், இவனுடைய பெயரைப் போட்டுக்கொண்டு.

இவனுக்கு முன்னாலும் ஒன்று நிற்கிறது. அதற்குப் பெயரே இல்லை. பெண்பிள்ளை. அழாமல் பிறந்தது, அழாமலே என்றால் மூச்சே இல்லாமல். மூச்சு இல்லாததற்கு ஞானஸ்நானம் இல்லை, ஞானஸ்நானம் இல்லாததற்குக் கல்லறைத் தோட்டத்தில் வரிசையில் இடம் இல்லை, எங்கள் ஊரில் அப்படித்தான் பழக்கம், மதிலை ஒட்டிக் கள்ளிச்செடிப் பக்கமாக வைத்துவிடுவார்கள், சிலுவை நட்டுவைக்கமாட்டார்கள். அப்போது இருந்த இளஞ்சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார், அப்படி ஒன்றும் இல்லை, பிள்ளைகள் எல்லாம் கடவுளிடம்தான் இருக்கும் என்று. எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு மதில் பக்கமாகத்தான் வைத்தார்கள். எடுத்துக்கொண்டு போனது மாமா, என் மாமனார். ஆண்கள் யாரும் அதற்கெல்லாம் போகமாட்டார்கள், கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். மாமா, "குடு புள்ள" என்று கையை நீட்டினார், தலையில் கட்டியிருந்த புதுத் துண்டை அவிழ்த்து அதில் வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது தலையில் துண்டு இல்லை. அந்த வீட்டில் என்னைப் பேசு பேசு என்று சொல்லாதவர் அவர் ஒருவர்தான். "இந்தப் புள்ள பேசாம இருக்கிறதுனாலதாம்ல வலையில மீன் படுது" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார், மாமி, "ஆமா, நான் பேசிப் பேசித்தான் நீங்க மீனை வெரட்டுனிய" என்பார்கள். இப்போது அந்தப் பெண்பிள்ளையை நான் நினைக்கும்போதெல்லாம் அது மதில் ஓரத்தில் நிற்கிறது, படுத்திருக்கவில்லை, நிற்கிறது, வளர்ந்திருக்கிறது, கோயில் பக்கம் திரும்பி நின்று யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்க்கிறது. என்ன பெயர் சொல்லி நான் கூப்பிட. இவனும் அதற்குப் பக்கத்தில் போய் நின்றுவிடக்கூடாது. அதற்கு ஊற்றவேண்டும். ஊற்றினால் சம்மதித்த மாதிரி. ஊற்றாவிட்டால் மதில் ஓரம். மறுபடியும் அதே இடத்துக்கு வந்துவிட்டேன்.

"என்னம்மா வாய் முணுமுணுக்குது, கணக்கு ஒப்பிக்கிறியா" என்று பக்கத்தில் இருந்த முப்பிடாதி அக்கா முழங்கையால் இடித்தாள். அவள் பிள்ளைக்கு மஞ்சக்காமாலை, நீல லைட்டில் போட்டிருக்கிறார்கள். எனக்கு நேற்றுத்தான் பழக்கம், ஆனால் அவளுடைய ஏழு தலைமுறையும் எனக்குத் தெரிந்தாகிவிட்டது. "எம் மவனைப் பாத்தியா, கண்ணுல கட்டுப்போட்டு, ஜட்டியோட, லைட்டு வெளிச்சத்துல, கடற்கரையில மல்லாந்த வெள்ளக்காரன் கணக்கா கெடக்கான். அவங்க அப்பன் மொகத்துல இந்தச் சொகத்த நான் பாத்ததில்ல." சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. வந்த உடனே பயமாகவும் இருந்தது, சிரித்ததற்கும் சேர்த்துக் கடவுள் ஏதாவது பிடுங்கிக்கொள்வாரோ என்று. அவள் குரலைத் தணித்துக்கொண்டு, "எங்க அம்மன்கிட்ட ஒம் புள்ளைக்கும் சேத்து ஒரு மொட்டை நேந்துருக்கேன். நீ பேசாத ஆளு, ஒனக்கும் நானே கேட்டுட்டேன், கோவிச்சுக்காத" என்றாள். மாமி அதைக் கேட்டுவிட்டு, "நாங்க வேதக்காரங்க" என்றார்கள். "அதனால என்ன மைனி, முடி ஒரே முடிதான" என்றாள் அவள். மாமி வேண்டாம் என்று சொல்லவில்லை. செபமாலையில் ஒரு மணி நகர்ந்தது. நான் அவன் தலையை நினைத்துக்கொண்டேன். தொப்பிக்குள்ளே முடி இருக்கிறதா என்று கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

மாதாவிடம் வேண்டுகிற மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். மரண நேரம் என்று ஒரு இடம் வரும், அங்கே வந்ததும் நாக்கு நின்றுவிடுகிறது, மறுபடி முதலில் இருந்து தொடங்குகிறேன், மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது. சின்ன வயசில் இருந்து தூங்கி வழிந்துகொண்டே சொன்ன செபம், அதற்குள் இந்த வார்த்தை இருந்ததே எனக்குத் தெரியாத மாதிரி இருக்கிறது. மாதாவிடம் கேட்டால் கிடைக்கும் என்பார்கள். மாதாவே, நீயும் பெற்றவள்தானே என்று தொடங்கினேன், தொடங்கியதும் அடுத்ததாக வந்த நினைப்பு, பெற்றவள்தான், ஆனால் தன் பிள்ளையையே காப்பாற்ற முடியாமல் சிலுவைக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள்தானே, இவளிடம் போய்க் கேட்டு என்ன. பயந்துபோய் சிலுவை போட்டுக்கொண்டேன். மன்னிச்சுக்கோ தாயே. ஆனால் நினைத்ததை நினைக்காமல் ஆக்கமுடியவில்லை, அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, என்னைப் பார்க்கிறது. அவளும் பார்க்கிறாள். அவளுக்குக் கோபம் இல்லை போலத்தான் இருக்கிறது. அதுதான் இன்னும் கஷ்டம். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, விரல் ஒன்றையொன்று உரித்துக்கொண்டிருக்கிறது, இறால் கம்பெனியில் பிடித்த பழக்கம். ஆறாவதோடு என்னை நிறுத்தி அங்கே அனுப்பிவிட்டார்கள், ஐஸ் தண்ணியில் கையை விட்டு உரித்துப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், பேசக்கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது. சின்ன இறாலின் தோல் மெல்லிசாக, உள்ளே ஓடும் கறுப்பு நரம்பு வெளியே தெரியும். இவன் நெஞ்சுத் தோலும் அப்படித்தான் இருந்தது, நேற்றுப் பார்த்தேன், நரம்பு ஓடுவது தெரிந்தது. எத்தனை இறால். அதெல்லாம் உயிர்தானே என்று ஒரு நாளாவது நினைத்தேனா. இதற்காகவா அது. இல்லை, கடவுள் இறாலுக்கெல்லாம் கணக்கு வைத்திருக்கமாட்டார். வைத்திருக்கமாட்டாரா.

"மெட்டில்டா குழந்தை, பால் குடுக்க வாம்மா." உள்ளேயிருந்து சிஸ்டர் கூப்பிட்டார், எழுந்தேன். மாமி எழுந்து, காதுமருந்து பாட்டிலில் கொண்டுவந்திருந்த கோயில் தீர்த்தத்தை என் கையில் திணித்தார்கள். "சூசைன்னு சொல்லு. தெளிவா சொல்லு." கதவுக்கு உள்ளேயே சிஸ்டர் நின்றிருந்தார். கையில என்ன என்றார். கையை விரித்துக் காட்டினேன். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "இதெல்லாம் உள்ள ஆகாதும்மா, சின்ன உயிரு, கிருமி பட்டா அவ்வளவுதான். வெளிய போகும்போது வாங்கிக்கோ." ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டார். திட்டவில்லை, திட்டியிருந்தால்கூட அழுதிருப்பேன், முடிந்திருக்கும். வளையலைக் கழற்றி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். துண்டில் துடைக்கக்கூடாது, கையைத் தூக்கிப் பிடித்துத் தானாகக் காயவிட்டு, அப்புறம் அந்தச் சாராய வாசனை மருந்தைத் தேய்த்துக்கொண்டுதான் தொடவேண்டும். குழாயில் இருந்து வந்தது வெறும் தண்ணி. எந்தத் தண்ணி என்றாலும் போதும் என்று உபதேசியார் சொல்லியிருந்தார், கடல் தண்ணி கூட ஆகும் என்றார். காயவிடாமல், மருந்து தேய்க்காமல், இரண்டு கையையும் குவித்துப் பிடித்தபடி நேராகப் பெட்டிக்குப் போனேன். கிருமி பட்டா அவ்வளவுதான். காலையிலேயே அவ்வளவுதான் என்று சொல்லியாகிவிட்டதே. ஓட்டை வழியாகக் கையை விட்டு, சுண்டுவிரலால் தொப்பியை மேலே தள்ளினேன். முடி இருந்தது. நனைந்து ஒட்டின மாதிரி, கறுப்பாக, நிறைய. சொட்டு விழுந்தது. உதடு அசைந்தது, எல்லா வார்த்தையும் சரியாக அசைந்தது, சத்தம் இல்லை. சொட்டு எல்லாம் விழுந்து கை காலி. மனசுக்குள் சொல்வது சேராது.

மறுபடி குழாய்க்குப் போனேன். "இப்பதான கழுவுன" என்றார் சிஸ்டர். "அழுக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, கீச்சென்று. அப்படியானால் குரல் இருக்கிறது. திரும்பி வரும்போது சூசை சூசை என்று சொல்லிக்கொண்டேதான் வந்தேன், மாமி சொன்னதை மீறவேண்டும் என்று எனக்கு நினைப்பே இல்லை. பெட்டிக்குள் கையை விட்டேன். அவன் நெஞ்சு உள்வாங்குகிறது, நிற்கிறது, யாரோ தட்டி நினைவுபடுத்தின மாதிரி மறுபடி வாங்குகிறது. இவன் போகத்தான் போகிறான். அதை அப்போதுதான் நான் பார்த்தேன், டாக்டரம்மா சொன்னது கேட்டதுதான், பார்த்தது அப்போதுதான். போகிற இடத்தில் இவனை யாருக்குத் தெரியும். சூசை என்று கூப்பிட்டால் எத்தனை சூசை திரும்பும், அந்தக் கூட்டத்தில் இவன் யார் மடியைப் பிடிப்பான். மாமா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார், என்னை யாரு கூப்பிடுறது என்று, துண்டு இல்லாத தலையோடு திரும்புவார், குடு புள்ள என்று கையை நீட்டுவார். அவ்வளவுதான் நினைத்தேன். தண்ணி விழ ஆரம்பித்தது. "சந்தியாகு" என்றேன். சத்தம் வந்தது. பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே உனக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று கடைசி வரைக்கும் வந்தது, வார்டு முழுக்கக் கேட்டது, அந்தக் கோடி ஜன்னலில் நின்ற இன்னொரு சிஸ்டரும் திரும்பிப் பார்த்தார். எங்கள் சிஸ்டர் ஓடிவந்தார், ஈரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பஞ்சை எடுத்து அவன் தலையை ஒற்றித் தொப்பியைச் சரியாக இழுத்துவிட்டார். "சரி, பாலை உதட்டுல தடவு" என்றார். தடவினேன். அவன் உதடு அதைத் தேடவில்லை.

வெளியே வந்ததும் மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "ஊத்துனியா." ஊத்துனேன் என்றேன். "சூசைன்னு சொன்னேல்லா." நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டினது போதாது என்று தோன்றியது. "சந்தியாகுன்னு சொல்லிட்டேன் மாமி." மாமியின் கை செபமாலையோடு அப்படியே நின்றது. அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். "அவிய பேர மண்ணுக்குள்ள வச்சிட்டியேட்டி" என்றார்கள், சத்தமே இல்லாமல், என் குரலில் பேசுகிற மாதிரி. "அது போன வருசமே மண்ணுக்குள்ளதான மாமி இருக்கு" என்று என் வாய் சொல்லியது. பதிலுக்குப் பதில் சொன்னவள் இல்லை நான், இந்த வீட்டுக்கு வந்ததில் இருந்து. முப்பிடாதி அக்கா எங்களைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் மாமியின் போன் அடித்தது. உபதேசியார். ஊற்றியாகிவிட்டதா, பெயர் என்ன, கோயில் புத்தகத்தில் ஏற்ற வேண்டும், பங்குச்சாமிக்குச் சொல்லவேண்டும் என்று கேட்பது எனக்கே கேட்டது. "ஆமா... ஊத்தியாச்சு... பேரா" என்று மாமி நிறுத்தினார்கள். நான் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூசை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது, பெயர் வீட்டுக்குத் திரும்பிவிடும், அடுத்ததற்கு. மாமியின் உதடு கூடி ஒரு எழுத்துக்குத் தயாரானது. அது எந்த எழுத்து என்று தெரியவில்லை. அப்புறம் போனை என் பக்கம் நீட்டினார்கள். "நீயே சொல்லு. நான் அந்தப் பேரை வாயால சொன்னதில்ல, அவிய இருக்கும்போதும் சொல்லல."

போன் சூடாக இருந்தது, மாமியின் காது ஈரத்தோடு. சந்தியாகு என்றேன். "கேக்கலம்மா, இங்க காத்து இரையுது, சத்தமா சொல்லு" என்றார் உபதேசியார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், தூக்குவாளிக்காரர்கள், தரையில் படுத்திருந்தவர்கள், கதவுக்குக் காவல் இருக்கிறவர். "சந்தியாகு" என்றேன், அவ்வளவு பேரும் பார்க்க. மாமி சேலை முந்தியை வாயில் அடைத்துக்கொண்டார்கள். "ஏத்திக்கிட்டேன்" என்றார் உபதேசியார். அப்புறம் தயங்கித் தயங்கி, "பிள்ளை இருக்கானாம்மா" என்று கேட்டார்.

"இப்ப இருக்கான்" என்றேன்.